ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

ஹெட்ஃபோனில் உங்கள் குரல் தாமதமாகக் கேட்கிறது, நடுநடுவே படபடவென்று சத்தம் வருகிறது என்பதற்காகவா சாஃப்ட்வேரை மாற்றப் போகிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸ் என்றால் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) உரிய ஏசியோ டிரைவரை (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போட்டு, பாடும்போது பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 சாம்பிளிலும் மிக்ஸிங்கின்போது 1024-லும் வைத்துப் பாருங்கள். எனக்குப் பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்தது. அப்புறமும் மாற்றத் தோன்றினால் சரி, ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் பாதியில் நிற்கும் உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை அதில் முடித்துப் பார்த்தால்தான் கை பழகுமா என்று தெரியும். பழைய புராஜெக்ட் புதியதில் அப்படியே திறக்காது, அதனால் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வேவ் கோப்பாக எடுத்து, டெம்போவையும் (பாட்டின் வேகம்) கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.