சமூகநல உதவிக்கு மனுச் செய்யும் தோட்டப்புறக் குடும்பங்கள் தகுதியைக் காட்டுவது எப்படி?

மலேசியச் சமூகநல இலாகாவின் (ஜேகேஎம்) மாதாந்திர உதவிக்கு மனுச் செய்பவர், தமக்கு என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைத்தான் அதிகமாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிலையான வருமானம் இல்லை, கணவர் உடன் இல்லை, பிள்ளைகளால் தாங்க முடியவில்லை என்று வாயால் சொல்வது எளிது. ஆனால் கோப்பில் சேர்வது காகிதம் மட்டுமே. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் தோட்ட வீடுகளில் வாழ்வோரின் மனுக்கள் தடைபடும் இடமும் பெரும்பாலும் இதுவே.

முதலில் எந்த உதவியைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். முதியோர் உதவி, 60 வயது நிறைந்த, வருமான வழியற்ற, குடும்பத்தின் ஆதரவு இல்லாத அல்லது ஆதரிக்கும் நிலையில் குடும்பம் இல்லாத குடிமக்களுக்கு உரியது. 2025 முதல் அது மாதம் 600 ரிங்கிட். சிறார் உதவி, 6 வயது வரையுள்ள பிள்ளைக்கு 250 ரிங்கிட், 7 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைக்கு 200 ரிங்கிட் என்று கணக்கிடப்பட்டு, ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட்டை மேல்வரம்பாகக் கொண்டது. இரண்டுக்கும் மனுப் பாரம் ஜேகேஎம் 18 தான். எஸ்டிஆர் எனப்படும் ரஹ்மா ரொக்க உதவித் தொகை வேறு. அதை உள்நாட்டு வருமான வரி வாரியம் கவனிக்கிறது. எஸ்டிஆர் கிடைக்கிறது என்பதற்காக சமூகநல உதவியும் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது.

அடையாளத்தை நிரூபிப்பதில் தொடங்குவோம். மனுதாரர், துணைவர், பிள்ளைகள் அனைவரின் அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் மூலமாகவும் நகலாகவும் தேவைப்படும். இங்கே சிக்கல் கொடுப்பது பெயரின் எழுத்துக்கூட்டல். தோட்ட மருத்துவமனையில் பிறந்த தலைமுறையினருக்குப் பெயரை எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் தோட்ட எழுத்தரான கிராணிதான். தாயின் பெயர் அவருடைய அட்டையில் ஒரு விதமாகவும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து கூடியும், வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயர் விடுபட்டும் இருப்பது சாதாரணம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்ல, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மனுவைக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்து வைப்பது நல்லது. அதிகாரி கேட்ட பிறகு ஓடினால் மனு அதுவரை மேசையிலேயே கிடக்கும்.

அடுத்தது முகவரி. தோட்ட வீட்டில் மின்கட்டணப் பில் நிர்வாகத்தின் பெயரில் வரும் அல்லது வேலை செய்யும் மகனின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்; ஆகவே அம்மாவின் பெயரில் எந்தப் பில்லும் இருக்காது. வீட்டு எண், அங்கு வசிக்கும் அனைவரின் பெயர், எந்த ஆண்டு முதல் வசிக்கிறார்கள் என்ற விவரங்களுடன் தோட்ட அலுவலகத்தின் தலைப்புத் தாளில் மெனேஜர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றே போதும். தோட்டம் கைமாறி விட்டதென்றால், கிராம நிர்வாகக் குழுத் தலைவர் அல்லது வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவின் உறுதிக் கடிதம் பெறலாம். அட்டையில் இடிக்கப்பட்ட பழைய லயத்தின் முகவரியே இன்னும் இருந்தால், முதலில் தேசியப் பதிவு இலாகாவில் அதை மாற்றுங்கள். எந்த மாவட்ட அலுவலகம் உங்கள் மனுவை விசாரிக்கும் என்பதை அந்த முகவரிதான் தீர்மானிக்கிறது. சுங்கை சிப்புட் முகவரி என்றால் அது கோலகங்சார் மாவட்டத்தில் அடங்கும்.

இனி வருமானம். மாதச் சம்பளக்காரருக்குக் கடைசி சில மாதங்களின் சம்பளச் சீட்டு இருக்கும். அதற்கு மேல் பேச்சில்லை. குத்தகைக்காரரிடம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குபவர், வாரத்தில் சில நாள் உணவுக்கடையில் பாத்திரம் கழுவுபவர், வீட்டில் வடை சுட்டு விற்பவர் ஆகியோருக்குத்தான் தொல்லை. சேமநிதிக்குச் சந்தா கட்டாத குத்தகைக்காரர் எழுத்துமூலம் எதையும் தர விரும்ப மாட்டார். அவரைக் கெஞ்சுவதில் நாளை வீணாக்க வேண்டாம். பதிலாக மூன்று காகிதங்களைச் சேர்த்துக் கொடுங்கள். ஒன்று, ஊழியர் சேமநிதியின் கணக்கறிக்கை: கடைசியாக எந்த மாதம் சந்தா வந்தது என்பது அதில் அச்சாகியிருக்கும், அதற்குப் பின் வெறுமையாக உள்ள வரிகளே நிரந்தர வேலை இல்லை என்பதற்கு நல்ல சாட்சி. இரண்டு, வங்கிப் புத்தகத்தின் அண்மைய பக்கங்கள். மூன்று, எந்த வேலை, வாரத்துக்கு எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு குறையும் என்று தாமே எழுதி, கிராமத் தலைவர் உறுதிப்படுத்திய அல்லது பிரமாணம் செய்த வருமான விளக்கம். தொகையை வேண்டுமென்றே குறைத்து எழுதாதீர்கள். பிரமாணத்தில் பொய் சொல்வது குற்றம் என்பதோடு, நாளுக்கு 40 ரிங்கிட் கூலி என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது 15 ரிங்கிட் என்று எழுதினால் மற்ற பதில்களையும் அதிகாரி நம்ப மாட்டார்.

வங்கிப் புத்தகத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் மாதம் 200 ரிங்கிட் அனுப்பினால், அந்த வரிகள் அதில் பளிச்சென்று தெரியும். அதை மறைக்க முயல்வதைவிட, மகனின் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை, அவருடைய பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டி, இதற்கு மேல் அவரால் இயலாது என்று விளக்கக் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். முதியோர் உதவியில் தீர்மானிக்கும் காகிதம் பெரும்பாலும் இந்தக் கடிதம்தான். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து வரும் பிழைத்திருப்போர் ஓய்வூதியத்தையும் தவறாமல் குறிப்பிடுங்கள். கணவர் சொக்சோ சந்தா கட்டியவராக இருந்து, அந்த ஓய்வூதியத்துக்கு இதுவரை மனுவே செய்யாத விதவைகளும் நம்மிடையே உண்டு. அவர்கள் முதலில் அங்கே போவதே நல்லது.

கணவர் இல்லை என்பதைக் காட்டுவது பெண்களுக்கு இன்னொரு சுமை. மரணம் என்றால் இறப்புப் பத்திரம், விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பு. ஜீவனாம்ச உத்தரவு இருந்தால் பணம் வருகிறதோ இல்லையோ அதையும் காட்ட வேண்டும். கணவர் விட்டுச் சென்றுவிட்டார் என்றால், எப்போது போனார், கடைசியாக எங்கிருந்தார் என்ற விவரங்களுடன் போலீஸ் புகார் செய்து அதன் நகலை இணையுங்கள். திருமணச் சான்றிதழே இல்லாத பாட்டிமார்கள் கலங்க வேண்டியதில்லை: 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன்பு கோயிலில் சம்பிரதாயப்படி நடந்த திருமணம் சட்டப்படி பதிவானதாகவே கருதப்படும், விரும்பினால் பதிவு செய்தும் கொள்ளலாம். அதற்குப் பின் தாலி மட்டும் கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தாய் என்று தம் பெயர் இருப்பதைக் கொண்டே சிறார் உதவிக்கு மனுச் செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் உறுதிக் கடிதம் அதற்கு வலுச் சேர்க்கும்.

மனுவுக்குப் பின் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டைக் கழற்றுவதும் மோட்டார் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் நிறுத்துவதும் நடக்கிறது. சுவரில் ஆணித் துளையும் மிஞ்சிய கம்பியும் தெரியும்போது அது யாரை ஏமாற்றும்? மோட்டார் சைக்கிள் தம்பி வாங்கிக் கொடுத்தது என்றால் அப்படியே சொல்லுங்கள். நோயாளி இருந்தால் அரசு மருத்துவமனையின் மருத்துவ அறிக்கையையும், இருந்தால் மாற்றுத்திறனாளி அட்டையையும் கையில் வைத்திருங்கள். மருந்து வாங்கும் கிளினிக் அட்டையிலுள்ள தேதிகளும் பேசும்.

மனுவுக்குக் கட்டணம் இல்லை. பாரம் நிரப்பித் தருகிறேன், ஆள் தெரியும் என்று 100, 200 ரிங்கிட் கேட்பவர்களை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். கொடுத்த எல்லாக் காகிதங்களின் நகலையும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டையும் ஒரு கோப்பில் வையுங்கள். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டறிந்து, குறைவாக இருந்த காகிதத்தைச் சேர்த்து மேல்முறையீடு செய்யலாம். காரணம் தெரியாமல் அதே மனுவைத் திரும்பக் கொடுத்தால் அதே பதில்தான் வரும். உதவி கிடைத்த பிறகும் அது மறுஆய்வுக்கு உட்பட்டது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தாலோ, வீட்டில் யாருக்கேனும் வேலை கிடைத்தாலோ, வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தாலோ அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். குடிபெயர்பவர்கள், கோப்பைப் புதிய மாவட்டத்துக்கு மாற்றும்படி கேட்டு, புதிய முகவரிக்கான உறுதிக் கடிதத்தையும் அப்போதே கொடுத்துவிட வேண்டும்.