ஸ்பீக்கர் வாங்க அளவு நாடாவோடு தொடங்குங்கள்

கடைக்குப் போகுமுன் கூடத்தை அளந்துவிடுங்கள். சென்னை அடுக்குமாடிகளில் 10-க்கு 12 அடிக் கூடம் சாதாரணம். அந்த அளவுக்கு 5 அல்லது 6 அங்குல வூஃபர் (பேஸ் என்னும் தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்பு) உள்ள சிறிய புக்‌ஷெல்ஃப் ஜோடியே போதும். ஆளுயர டவர் ஸ்பீக்கரைச் சுவரோரம் நெருக்கி வைத்தால் பேஸ் குமுறிப் பாட்டை விழுங்கிவிடும்.

அடுத்து, ஆம்ப்ளிஃபயருக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். அது 8 ஓம் மின்தடைக்கு மட்டும் ஏற்றதென்றால் 4 ஓம் ஸ்பீக்கர் வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் அளவுக்கு மீறிச் சூடேறும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்பீக்கர் எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. சத்தத்தைச் சொல்வது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற டெசிபல் கணக்கு. 86 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் சத்தத்தை 89 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும்.

இனி கேட்டுப் பார்க்கும் கட்டம். இதில் அவசரமே கூடாது. மின்னணுக் கடைகள் நெருங்கிய ரிச்சி தெருவில் நின்றபடி கேட்டு முடிவெடுப்பது கடினம். அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்க இடம் தரும் கடையைத் தேடுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தைக் கொண்டுபோங்கள். மிருதங்கத்தின் தாழ்ந்த நாதப் பக்கமான தொப்பியில் கும்கி (கையை அழுத்தி நாதத்தை வளைக்கும் அடி) விழும்போது நாதம் வளைந்து மேலேறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். வெறும் ‘தொம்’ என்று நின்றால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். பிறகு தம்புரா. கச்சேரிப் பதிவில் பாடகரின் குரல் எழும்போதும் சுருதி பின்னால் அறுபடாமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், ஆள் உட்கார்ந்திருப்பதுபோல வர வேண்டும். ஒப்பிடும் ஸ்பீக்கர்களை ஒரே சத்த அளவில் கேளுங்கள். கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதுபோலத் தோன்றும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் முன்வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா, ரப்பரா? நான் பார்க்காமல் வாங்கிய ஒரு ஜோடியில், விரல் பட்டதும் ஃபோம் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ரப்பர்தான் என் தேர்வு.

வீட்டுக்கு வந்ததும், இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் உங்கள் நாற்காலிக்கான தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி வையுங்கள். ட்வீட்டர் (உச்ச ஒலியைத் தரும் சிறிய பகுதி) காது உயரத்தில் இருக்கட்டும். பின்சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்து, பேஸ் குமுறினால் இன்னும் இரண்டு அங்குலம் முன்னே இழுத்து, அதே தனியாவர்த்தனத்தை மறுபடி போடுங்கள்.