லேப்டாப் விசிறிக்குக் காற்று வழி திறந்தேன்

வீடியோ எடிட்டிங் தொடங்கினாலே என் லேப்டாப் விசிறி இரைய ஆரம்பிக்கும். பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டதும் வேகம் தானாகக் குறையும். தூசி தட்டி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றியும் பெரிய பலன் இல்லை.

சரி, மூடியையே சோதிப்போம் என்று அடிமூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டினேன். சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது! மூடியைத் திருப்பிப் பார்த்தால், வெளியே வரிசையாகத் தெரிகிற துளைகளில் பாதி உள்ளே அடைப்பு. வெறும் அழகுக்கு வைத்தவை.

விசிறியின் வாய்க்கு நேரே உள்பக்கம் பென்சிலால் வட்டம் போட்டேன். மூடியைத் தள்ளி வைத்துத்தான் அறுக்க வேண்டும். பிளாஸ்டிக் தூள் போர்டில் விழுந்தால் வம்பு. வட்டத்தின் ஓரமாகச் சிறு துளைகள் போட்டு, கத்தியால் இணைத்து, அரத்தால் ராவினேன். குறுக்கே ஓடும் பட்டைகளைத் தொடவில்லை. அவை போனால் மூடி தொய்ந்து விசிறியில் உரசும். துளையின் மேல் நைலான் வலை ஒட்டினேன். உலோக வலை கழன்று விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

அப்புறம், பலரும் விட்டுவிடுகிற வேலை: விசிறியின் வாயைச் சுற்றி ஸ்பாஞ்ச் பட்டை. அது இல்லையென்றால் உள்ளே சுற்றுகிற சூடான காற்றையே விசிறி திரும்ப இழுக்கும். ஆனால் முழுக்க அடைக்கவில்லை. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டேன், அதன் மேலும் காற்று ஓட வேண்டுமே.

இப்போது அதே வேலைக்கு 82 டிகிரி. வாரண்டி முடியாத மெஷினில் கை வைக்காதீர்கள்.