நார்மண்டிக் கடற்கரையில் காரைக்குடிச் செம்மண்

நான் முதன்முதலில் செய்த கடலோரக் காவல் அரண் மாதிரியைப் பட்டாலையில் வைத்திருந்தேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆச்சி, "என்னப்பா, கறையான் புத்தா?" என்று கேட்டார். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கிய, பிரான்சின் நார்மண்டியிலுள்ள ஒமாஹா கடற்கரை அது, 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக. ஆனால் ஆச்சியைச் சொல்லிக் குற்றமில்லை. வாசல் செம்மண்ணைச் சலித்துக் கொட்டியவன் நான்தானே!

சரி என்று அடுத்த தடவை ஆற்று மணலுக்கு மாறினேன். அதுவும் தப்பு. 1 மி.மீ. மணல், இந்த அளவில் 72 மி.மீ. கல். பொம்மைச் சிப்பாய் முட்டை முட்டையாகக் கிடக்கும் கூழாங்கற்கள் மேல் ஓடுவதுபோல் இருக்கும். மருந்துப் பொடியை வஸ்திரகாயம் செய்வார்களே, அதுபோல வேட்டித் துணியில் சலித்தால்தான் கடற்கரை மணலாகத் தெரியும். நிறம் வெளிறிய பழுப்பு.

அரணின் சுவரை ஆத்தங்குடிக் கல் வார்ப்பதுபோல் கண்ணாடி மேல் வார்த்துப் பார்த்தேன். வழுவழுவென்று வந்தது, தரைக்கு அழகு, அரணுக்கு ஆகாது. அங்கே ஜெர்மானியர்கள் பலகை அடைத்துக் கான்கிரீட் கொட்டினார்கள். பலகையின் வரி சுவரில் பதிந்திருக்கும். ஐஸ் குச்சியை அப்படியே அடுக்கினால் ஒவ்வொன்றும் 72 செ.மீ. அகலப் பலகையாகிவிடும். குச்சியில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு கீறிவிட்டு வாருங்கள். 2 மீட்டர் கனச் சுவர் என்றால் 28 மி.மீ. வேண்டும். அட்டை கனத்தில் செய்தால் பெட்டிக்கடைதான்.

பலர் பீரங்கி வாயைக் கடலைப் பார்த்து வைக்கிறார்கள். ஒமாஹாவின் முக்கியமான அரண்கள் சில, கடல் பக்கம் கனத்த சுவரை வைத்துக்கொண்டு, கரையின் நீளவாக்கில் பக்கவாட்டில் சுட்டன. கப்பலிலிருந்து பார்த்தால் துவாரம் தெரியாது, இறங்கி ஓடுகிறவன் மட்டும் நேராக மாட்டுவான்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் அலைக்கழித்தது ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது. தொண்டிக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. அந்தக் கண்ணோடு பார்த்து, இரும்புத் தடுப்புகளை அரணின் காலடியிலேயே நட்டுவிட்டேன். நார்மண்டியில் தண்ணீர் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏறும்போது படகுகள் தெரியாமல் வந்து மோதட்டும் என்றுதான் தடுப்புகளைக் கீழே, ஓதம் மூடும் இடத்தில் நட்டார்கள். தடுப்புகளில் இன்னொரு வகையான சாய்வு மரங்களுக்குக் கடல் பக்க முனை தாழ்ந்து, கரைப் பக்க முனை உயர்ந்து, உச்சியில் கண்ணிவெடி இருக்கும். இதைத் திருப்பி வைக்காத ஆளைத் தேட வேண்டும். நேச நாட்டார் தடுப்புகள் கண்ணுக்குத் தெரியும் தாழ்ந்த ஓதத்தில் வந்து இறங்கினார்கள். அப்போது வெளியே தெரிந்த மணல் சுமார் 300 மீட்டர். 1/72இல் 4 மீட்டருக்கு மேல் போகும். இரண்டடிப் பலகையில் அரணையும் தடுப்பையும் சேர்த்துத் திணித்தால் கொலுப்படிதான். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், இன்றைய சிதைந்த அரண்களின் படத்தைப் பார்த்துப் பாசியும் துருவும் பூசாதீர்கள். அன்றைக்கு அநேகமாக அவை ஒன்றிரண்டு வயதுக் கட்டடங்கள். கடல் தண்ணீராகத் தெரிய ஊற்றும் பிசினை (ரெசின்) சித்திரை வெயிலில் ஒரே ஊற்றாக ஊற்றவும் வேண்டாம், சூடேறி விரிசல் விடும். மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள்.

என் புதுப் பலகையில் தடுப்புகள் மட்டும்தான். அரண் தனிப் பலகையில், இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.