இங்கிலாந்தில் வயதான பெற்றோருக்குக் கவுன்சில் உதவி எடுப்பது எப்படி

அம்மாவுக்கு என்ன உதவி தேவை என்று பார்க்க, முதல்தடவை கவுன்சிலிலிருந்து (உள்ளூராட்சி மன்றம்) ஆள் வந்த அன்று, அம்மா நல்ல சேலை உடுத்து, தலை இழுத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "சமையல் யார்?" என்று அந்த அதிகாரி கேட்டதைத் தமிழில் சொன்னேன். "நான்தான், எல்லாம் நானே செய்வன்" என்றார் அம்மா. அவர் அடுப்படிப் பக்கம் போய் எட்டு மாதம். வந்தவருக்கு முன்னால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். மூன்று கிழமையில் கடிதம் வந்தது: உதவி தரும் அளவுக்குத் தேவை இல்லையாம்.

அம்மாவுக்கு 79 வயது, பார்க்கின்சன் நோய். அவரை இரவும் பகலும் பார்ப்பவள் நான். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். லண்டனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே நிலைமை என்பதால் எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

2014ஆம் ஆண்டின் கெயர் அக்ட் என்ற பராமரிப்புச் சட்டம், 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உதவி தேவைப்படுபவருக்கு 'நீட்ஸ் அசெஸ்மென்ட்' என்ற மதிப்பீடும், அவரைப் பார்க்கும் உங்களுக்கு 'கெயரர்ஸ் அசெஸ்மென்ட்' என்ற மதிப்பீடும் கேட்க உரிமை உண்டு. இரண்டும் இலவசம். வங்கியில் எவ்வளவு இருந்தாலும் மதிப்பீடு செய்யமாட்டோம் என்று கவுன்சில் சொல்ல முடியாது. காசுக் கணக்கு அதற்குப் பிறகுதான். லண்டனில் உங்கள் பரோ கவுன்சிலின் 'அடல்ட் சோஷல் கெயர்' பிரிவுக்குப் போன் எடுங்கள். வெளியே சில இடங்களில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், கவுன்டி கவுன்சில் என்று இரண்டு இருக்கும். அங்கே இந்த வேலை கவுன்டியுடையது. "உதவி வேணும்" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு துண்டுப்பிரசுரத்தை அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். இரண்டு மதிப்பீட்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். யாருடன், எந்தத் திகதியில் கதைத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

அப்புறம் ஆள் வருவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். நான் ஒரு கிழமை முழுக்க எழுதினேன். இரவு 2.10, ரொய்லட், கை பிடித்து எழுப்பினேன். 4.30, திரும்பவும். காலையில் பிளவுஸ் கொக்கி போட 40 நிமிடம். குளிசையை ஒருநாள் இரண்டுதரம் எடுத்துவிட்டார். வெந்நீர்க் கேத்தல் கையிலிருந்து வழுக்கியது. அந்த அதிகாரிக்கு முன்னால் அம்மாவின் ஒருமணிநேர நிமிர்வு மட்டும்தான் இருந்தது. இந்தக் கொப்பி இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஏனென்றால் சட்டத்தில் 'ஏலாது' என்பதற்கு நாங்கள் நினைப்பதைவிட அகலமான பொருள் இருக்கிறது. சாப்பாடு, குளிப்பு, ரொய்லட், உடுப்பு, வீட்டுக்குள் பாதுகாப்பாக நடமாடுவது, வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பது, உறவுகளைப் பேணுவது, வெளியே போய்வருவது என்று மொத்தம் பத்து விடயங்களைப் பார்ப்பார்கள். நோயாலோ குறைபாட்டாலோ அவற்றில் குறைந்தது இரண்டு ஏலாமல் இருந்து, அதனால் வாழ்க்கை பெரிதாகப் பாதிக்கப்பட வேண்டும். ஒருவரின் உதவியோடுதான் முடியும் என்றால் அது ஏலாது. கடுமையான வலியோடு முடிந்தாலும், ஆபத்தோடு முடிந்தாலும், மிக அதிக நேரம் எடுத்தாலும் ஏலாது. அம்மாவின் அந்த 40 நிமிடமும் இதற்குள் வரும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. நீங்கள் செய்யும் வேலையைக் கழித்துவிட்டுத் தேவையை அளக்கக்கூடாது. நீங்கள் இல்லாவிட்டால் அம்மாவுக்கு என்ன தேவையோ, அதைத்தான் முதலில் எழுத வேண்டும். "நாங்கள் பார்த்துக்கொள்வம்" என்பது எங்கள் வாயில் தானாக வரும் சொல். அன்று மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் போனிலேயே கேளுங்கள், கவுன்சில் ஒழுங்கு செய்யும். பிள்ளை மொழிபெயர்த்தால் பெற்றோரின் மானத்தைக் காப்பதா, உண்மையைச் சொல்வதா என்று நடுவில் நசுங்கும். அம்மா முதலில் பயந்தார்: "தமிழ் ஆள் எண்டால் ஊரெல்லாம் கதை போகும்." இரகசியம் காப்பது அவர்களின் வேலை விதி என்று விளக்கிய பிறகு சம்மதித்தார். அதிகாரியுடன் ஐந்து நிமிடம் தனியாகக் கதைக்கவும் கேளுங்கள். அம்மாவின் முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

உங்கள் மதிப்பீட்டை, அம்மா தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று மறுத்தாலும் நீங்கள் கேட்கலாம். அதில் முக்கியமான கேள்வி, தொடர்ந்து பார்க்க உங்களுக்கு விருப்பமா, இயலுமா என்பது. நான் "பகலில் பார்ப்பேன், இரவில் இனி ஏலாது" என்றேன். அதைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவைக் கைவிடுகிறேன் என்று பொருளில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு நான்கு மாதமாக இரண்டு மணிநேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்காத ஒருத்தி சொல்லவேண்டிய உண்மை அது.

காசு விடயம். அம்மாவின் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் பொதுவாக முழுச்செலவும் அவருடையது. குறைவாக இருந்தால் வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடுவார்கள். வீட்டில் இருந்தபடி உதவி பெறும்போது, அவர் குடியிருக்கும் வீட்டின் பெறுமதியைச் சேர்க்கமாட்டார்கள். பிள்ளைகளின் சம்பளம் கணக்கில் வராது. நோயால் கூடுகிற சலவை, ஹீட்டிங் செலவைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், பற்றுச்சீட்டுகளைக் காட்டுங்கள். கைபிடிக் கம்பி, உயர்த்திய ரொய்லட் இருக்கை போல 1,000 பவுணுக்கு உட்பட்ட சாதனங்களும் சிறு திருத்தங்களும், தேவை என்று கண்டால், இலவசம். ஓய்வூதிய வயது கடந்து, நோயாலோ குறைபாட்டாலோ உதவி தேவைப்படுபவருக்கு அற்றென்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகை தனியாக உண்டு. சேமிப்பைப் பார்க்காமல் அரசாங்கம் தருவது, கவுன்சில் தருவதல்ல. அந்தப் படிவத்திலும் கொப்பிதான் கைகொடுக்கும்.

கவுன்சில் தரும் தொகையை டைரக்ட் பேமென்ட் ஆக, அதாவது காசாக எங்கள் கையிலேயே எடுத்து, நாங்களே ஆளைத் தெரிவு செய்யலாம். நாங்கள் தமிழ் கதைக்கும் ஒரு அக்காவை எடுத்தோம். புட்டு அவிக்கவும் தெரிந்தவர் என்பதால் அம்மா சாப்பிடத் தொடங்கினார். ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு அந்தக் காசைக் கொடுக்கப் பொதுவாக அனுமதி இல்லை.

மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு விடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கொப்பியின் நகலோடு மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். நான் செய்தது அதுதான். இரண்டாம் தடவை கிடைத்தது. கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்தும் சரிவராவிட்டால், லோக்கல் கவர்ன்மென்ட் அன்ட் சோஷல் கெயர் ஒம்புட்ஸ்மன் என்ற சுயாதீன முறைப்பாட்டு அமைப்பு இலவசமாக விசாரிக்கும்.

கிடைத்த பிறகும் நிலைமை மாறினால், வருடாந்த மீள்பார்வைக்குக் காத்திராமல் அன்றே போன் எடுங்கள். இரவுக்கும் சனி ஞாயிறுக்கும் கவுன்சிலிடம் தனி அவசர இலக்கம் இருக்கும். எங்கள் வீட்டில் அது பிரிட்ஜ் கதவில், அம்மாவின் குளிசை அட்டவணைக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.