மழைக்காலச் சளிக்காய்ச்சலுக்கு முன்னால்: ஒரு மருந்துக்கடைக்காரர் சொல்வது

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. அப்பா காலத்திலிருந்தே சரக்கு நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறோம். 1956 வரை கன்னியாகுமரிப் பகுதி கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூரோடு இருந்ததால், ஆயுர்வேதக் கஷாயமும் அரிஷ்டமும் (புளிக்கவைத்த மருந்து) இங்கே வீட்டுக்கு வீடு புழங்கும். ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, காய்ச்சல் வராம இருக்க ஏதாவது தாங்க."

அவர்களிடம் முதலில் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சளிக்காய்ச்சலைக் கொண்டுவரும் இன்ஃபுளுயன்சா வைரஸைத் தடுத்து நிறுத்தும் கஷாயம் எதுவும் என் கடையில் இல்லை. அதற்கு இருப்பது தடுப்பூசி. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் அதை வருடா வருடம் போட வேண்டும். போட்டபின் பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மழைக்கு முன்பே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயுர்வேதம் சொல்கிற பழக்கங்கள் அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

ஆயுர்வேதத்தில் பலம் என்பது வயிற்றிலிருந்து தொடங்குகிறது. மழைக்காலத்தில் ஜீரணத் தீ மந்தமாகும், அதனால் உடம்பும் தளரும் என்பது அதன் கணக்கு. ஆகவே மருந்துக்கு முன்னால் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். பழைய அரிசிச் சோறு, பாசிப்பயறு, சூடான ரசம், கொதித்து ஆறிய தண்ணீர் போதும். பசித்தபிறகு சாப்பிடுங்கள். பகல் தூக்கம் வேண்டாம். இரவு தூக்கம் குறையக் கூடாது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் காது கொடுக்க மாட்டார்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

அப்புறம் பொடி. 2020இல் ஆயுர்வேதம், சித்தா போன்ற வைத்திய முறைகளைக் கவனிக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் ஒரு எளிய குடிநீர்ப் பொடிக்கு அளவு சொன்னது: துளசி இலை 4 பங்கு, லவங்கப்பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. வீட்டுக்கு 40 கிராம், 20, 20, 10 என்று எடுத்தால் கணக்குச் சரியாக வரும். துளசியை நிழலில் உலர்த்துங்கள், கையில் நொறுங்க வேண்டும். வெயிலில் போட்டால் வாசனை போய்விடும்.

சரக்கு பார்த்து வாங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. சுக்கு வெளேரென்று இருந்து, தேய்த்தால் கையில் வெள்ளையாக ஒட்டினால் சுண்ணாம்பு போட்டது. அதை விட்டு மங்கலான, உடைத்தால் காரமாக மணக்கிற சுக்கை எடுங்கள். மேல்தோலை எப்படியானாலும் கத்தியால் சீவிவிட வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்லமிளகைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: நல்ல மணி மூழ்கும்; பப்பாளி விதையும் பதரும் மிதக்கும். பட்டையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை, ஒரே மடிப்பாகச் சுருண்டு மரக்கட்டையாக இருக்கும். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் அதிகமாகக் குடித்தால் ஈரலுக்கு ஆகாது. இலங்கைப் பட்டை மெல்லிசு. உள்ளே பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நெரித்தாலே நொறுங்கும். விலை கூடத்தான், தினமும் குடிக்கிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

எல்லாம் தனித்தனியாக இடித்துச் சலித்துக் கலந்து, ஈரம் படாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். கொதித்த 150 மில்லி தண்ணீரில் 3 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போட்டு மூடிவைத்து, வடிகட்டி, கருப்பட்டியோ எலுமிச்சையோ சேர்த்துக் குடிக்கலாம். நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை. நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் உள்ளவர்கள் குடிக்க வேண்டாம். தேன் விடுவதானால் ஆறினபின் விடுங்கள். தேனைச் சூடாக்கக் கூடாதென்று பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் சொல்கிறார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது.

சியவனப்பிராசம் நெல்லிக்காயை முதன்மையாகக் கொண்ட லேகியம். காலையில் 10 கிராம் போதும். அதில் சர்க்கரை நிறைய இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மூக்கினுள் காலையும் மாலையும் நல்லெண்ணெயை விரலால் லேசாகத் தடவலாம். டிராப்பரில் உள்ளே ஊற்றாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

சீந்தில் கொடியைக் கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். நான் வைத்தியர் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. கொரோனா காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. கொடியின் இனமே தெரியாமல் வீட்டு முற்றத்தில் பறித்துக் காய்ச்சிக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதிமதுரத்தையும் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை, அது ரத்தக் கொதிப்பைக் கூட்டும்.

காய்ச்சல் வந்தேவிட்டால் எல்லாம் மாறும். அப்போது கடுங்கஷாயம் குடிப்பதை சரகர் தவிர்க்கச் சொல்கிறார். முதலில் லங்கனம், அதாவது வயிற்றுக்கு ஓய்வு. பொடியரிசிக் கஞ்சி, உப்பு, சுட்ட பப்படம் போதும். தாகத்துக்கு ஷடங்க பானீயம், அதாவது ஆறு சரக்கு சேர்ந்த குடிநீர்: கோரைக்கிழங்கு, பர்ப்பாடகம், வெட்டிவேர், சந்தனம், இருவேலி, சுக்கு சமமாகச் சேர்த்த பொடி 12 கிராம் எடுத்து, 768 மில்லி தண்ணீரில் போட்டுப் பாதியாக வற்றவிட்டு, ஆறவைத்து, நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, உதடு நீலிக்கிறது, பேச்சு குழறுகிறது, குழந்தை பால் குடிக்கவில்லை, காய்ச்சல் மூன்று நாளாக விடவில்லை, விட்டது திரும்பி வருகிறது: இவற்றில் எது வந்தாலும் பானீயத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. இன்ஃபுளுயன்சாவுக்கான வைரஸ் மருந்து, காய்ச்சல் தொடங்கிய இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.