ஆப்பிரிக்கப் பயறு, கீரை ரகங்களை மேம்படுத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாம் சுண்டலுக்கும் குழம்புக்கும் போடுகிற காராமணியின் தாய்வீடு ஆப்பிரிக்கா. இன்றும் அது பெருமளவில் விளைவது நைஜீரியாவிலும் நைஜரிலும்தான். அங்கே புது ரகம் உருவாக்குகிறவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் பெரியது, மணியின் எடையை மட்டும் மகசூல் என்று கணக்கெடுப்பது.

வட நைஜீரியாவில், கானோ பக்கத்து வறண்ட நிலங்களில் காராமணிக் கொடிக்கும் மதிப்பு உண்டு. காய் பறித்தபின் கொடியைச் சுருட்டிக் காயவைத்துக் கூரைமேல் ஏற்றிவைப்பார்கள். வறட்சிக் காலத்தில் ஆடுமாடுகளுக்கு அதுதான் தீவனம்; சந்தையிலும் விலைபோகும். குத்தாக நின்று 60 நாளில் முற்றி மணியாகக் கொட்டும் ரகம் ஆராய்ச்சிப் பண்ணையில் முதலிடம் வாங்கிவிடும், ஆனால் அந்த வீட்டு ஆட்டுக்கு எதுவும் மிஞ்சாது. நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் மணியும் தீவனமும் சேர்ந்து தரும் ரகங்களுக்காகத் தனியாக உழைத்தது இதனால்தான்.

அப்புறம், பூக்கும் நேரம். பல நாட்டு ரகங்கள் பகல் குறையத் தொடங்கியபின், மழை ஓயும் வேளையில்தான் பூக்கும். காய் வெயிலில் நன்றாகக் காயும். தாமதம் என்று நினைத்து அந்தக் குணத்தை எல்லா இடத்துக்கும் களைந்துவிட்டால், நீண்ட மழைக்காலம் உள்ள ஊர்களில் காய் நனைந்து பூஞ்சை பிடிக்கும். மழை சீக்கிரம் முடிகிற வடக்கு ஓரத்தில் அதே குறுகியகால ரகம் பசியைத் தீர்க்கும். ஆகவே எந்த ஊருக்கு என்று முடிவு செய்யாமல் தேர்வைத் தொடங்கவே கூடாது.

தனிப்பயிராக நட்டு, மருந்து அடித்துச் சோதிப்பதும் ஏமாற்றும். உழவர்கள் கம்பு, சோளத்துக்கு நடுவே ஊடுபயிராகத்தான் போடுகிறார்கள், பெரும்பாலும் மருந்தும் அடிப்பதில்லை. நிழலிலும் பூச்சிக்கு நடுவிலும் எது தாங்குகிறது என்பதை அங்கேயே பார்க்க வேண்டும்.

சமையலையும் விட்டுவிடுகிறார்கள். நைஜீரியாவில் அகரா (எண்ணெயில் பொரித்த வடை), மொயின்மொயின் (ஆவியில் வேகவைத்த பண்டம்) செய்யக் காராமணியை ஊறவைத்துத் தோலை நீக்கி அரைப்பார்கள். சொரசொரப்பான தோல் எளிதில் கழன்றுவிடும், வழவழப்பான தோல் படுத்தும். அந்த வேலையைச் செய்யும் பெண்களைத் தேர்வின் தொடக்கத்திலேயே கூப்பிட்டுக் கேட்டால் பல வருட உழைப்பு வீணாகாது.

காயைத் துளைத்துத் தின்னும் புழுவான காய்த்துளைப்பான் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். தேடினால் நாட்டு ரகங்களில் எதிர்ப்பு கிடைத்துவிடும் என்று நம்பினார்கள். போதுமான அளவில் கிடைக்கவில்லை. அதனால் வந்த, இந்தப் புழுவை எதிர்க்கும் மரபணு மாற்றக் காராமணிக்கு நைஜீரியா 2019-இல் அனுமதி தந்தது. அதை வைத்து எல்லாப் பூச்சியும் ஒழிந்தது என்று உழவரிடம் சொல்வது அடுத்த தவறு. அசுவினியையும் இலைப்பேனையும் அது தடுக்காது.

இன்னொரு ஆப்பிரிக்கப் பயறான பம்பாரா நிலக்கடலையில் சிக்கல் வேறு. மண்ணுக்குள் காய்க்கும், தன் மகரந்தத்திலேயே கருவுறும், சின்னஞ்சிறு பூ. கலப்பு செய்வது பெரும்பாடு. ஓர் ஊரின் விதையை ஒரே ரகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதில் பல வகைகள் கலந்திருக்கும். முதலில் தனிச்செடிகளைப் பிரித்து வளர்த்துப் பார்ப்பதே உத்தமம். சில வகைகள் நீண்ட பகலிலும் பூக்கும், ஆனால் காய் பிடிக்காது. பூவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அறுவடையில் கை வெறுமையாகும்.

கீரைகளுக்கு வருவோம். கென்யாவில் விரும்பி உண்ணும் மணத்தக்காளி வகைகள் ஒரே இனம் அல்ல. குரோமோசோம் எண்ணிக்கையே 24, 48, 72 என்று வேறுபடும். இனத்தைச் சரியாக அடையாளம் காணாமல் கலப்பு செய்தால் விதை பிடிக்காமலோ மலடாகவோ போகலாம். கசப்பு முழுவதையும் நீக்கவும் அவசரப்பட வேண்டாம், மேற்குக் கென்யாவில் அந்தக் கசப்பைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம்மூர்ச் சாலையோரத்தில் களையாக நிற்கும் நல்வேளை, கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் சந்தைக் கீரை. புதிதாக எடுத்த விதை உறக்கத்தில் இருக்கும். உடனே விதைத்து முளைக்கவில்லை என்று அந்த ரகத்தைத் தள்ளிவிடாமல், சில மாதம் வைத்திருந்து மறுபடி சோதிக்க வேண்டும். விதை எடுப்பதிலும் கவனம் வேண்டும். நன்றாகத் தழைத்த செடிகளைக் கிள்ளிக் கிள்ளிக் கறிக்கு எடுத்துவிட்டு, முதலில் பூத்த செடிகளிலிருந்து விதை சேர்த்தால், போகப்போக மொத்தக் கூட்டமும் சீக்கிரம் பூத்து இலை குறைந்துபோகும். இலை நிறைந்த செடிகளைத் தொடக்கத்திலேயே அடையாளமிட்டுக் கிள்ளாமல் விட்டு, அவற்றில் தாமதமாகப் பூக்கிறவற்றை மட்டும் விதைக்கு எடுக்க வேண்டும்.